பால் பொங்கிய அடுப்பு



‘இடம் பெயரும் குடும்பமும் இறை நம்பிக்கையும்’ என்று இந்த வாசகர் வட்டத்தில் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் கோயில் ஞாபகம் வரவில்லை. என் பள்ளிக்கூடத்து மேஜைதான் ஞாபகம் வந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஆசிரியையாக இருந்தேன். அதில் கடைசி ஒன்பது வருஷம் தலைமையாசிரியை. அந்த மேஜையின் இடது பக்கத்தில் சேர்க்கை நீக்கல் பதிவேடு இருக்கும். இந்த எண்ணூர்ப் பக்கத்தில் எந்தக் குடும்பம் மூட்டை கட்டினாலும், அந்தச் செய்தி பக்கத்து வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பதிவேட்டுக்கு வந்துவிடும். பிள்ளைக்கு டி.சி. வாங்காமல் எந்தத் தாயும் ஊரை விட்டுப் போகமாட்டாள்.

ஒரு நாள் ஒரு அம்மா வந்து நின்றாள். கையில் நாலாம் வகுப்புப் பையன். “டி.சி. குடுங்க டீச்சர்” என்றாள். “எந்த ஊருக்கும்மா போறீங்க?” என்று கேட்டேன். “இன்னும் தெர்ல டீச்சர். சாமி எந்தப் பக்கம் இட்டுனு போவுதோ அந்தப் பக்கம்.” எனக்குக் கோபம் வந்தது. நடு வருஷத்தில் பிள்ளையை நிறுத்திக்கொண்டு இது என்ன பேச்சு என்று நினைத்தேன். “ஊரே தெரியலன்னா எந்த ஸ்கூல்ல சேர்ப்ப?” என்றேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: “ஸ்கூல் இல்லாத ஊரு இருக்குதா டீச்சர்? நீங்க எழுதிக் குடுங்க.”

எழுதும்போதுதான் கவனித்தேன். அவள் தோளில் ஒரு கட்டைப்பை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்றிதழ், பையனின் தடுப்பூசி அட்டை, போன வருஷத்து மதிப்பெண் அட்டை என்று ஒன்றுகூட விடாமல் மழையில் நனையாதபடி மடித்து வைத்திருந்தாள். நான் டி.சி.யைக் கொடுத்ததும் அதையும் அந்த உறைக்குள் செருகி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுப் போட்டாள். சாமி இட்டுக்கொண்டு போகும் என்று சொன்ன அதே பெண்!

தாய்மார்களே, அந்த ரப்பர் பேண்டு போட்ட உறையை நான் மறக்கவே இல்லை. நம்பிக்கை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது என்று படித்தவர்களாகிய நாங்கள் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவள் எனக்கு வேறொன்றைக் காட்டிவிட்டுப் போனாள். போகும் ஊரைத்தான் அவள் சாமியிடம் விட்டிருந்தாள். போவதற்கு வேண்டிய காகிதத்தை விடவில்லை.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு தாய் புறப்பட்டு, நம் பக்கமாகத்தான் வந்தார். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூர். அந்த ஊர்க் கணக்குப்பிள்ளை இராமையாப் பிள்ளை. அவர் மனைவி சின்னம்மை. 1823 அக்டோபர் 5-ஆம் தேதி அவர்களுக்குக் கடைக்குட்டியாக ஓர் ஆண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் தகப்பனார் கண்ணை மூடிவிட்டார். சபாபதி, பரசுராமன், உண்ணாமுலை, சுந்தரம், இடுப்பில் இராமலிங்கம். ஐந்து பிள்ளைகளோடு அந்த அம்மா மருதூரை விட்டுப் புறப்பட்டுத் தம் பிறந்த வீட்டுப் பக்கம் வந்தார். பொன்னேரிக்குப் பக்கத்தில் சின்னக் காவணம். இன்று எண்ணூரில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் அத்திப்பட்டு, மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரியில் இறங்கிவிடலாம். சின்னம்மைக்கு வண்டி இல்லை. நம் ராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டதே 1856-இல்தான். அதற்கு முப்பது வருஷம் முந்தி, கைம்பெண் ஒருத்தி, மருதூரிலிருந்து பொன்னேரி வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல், ஐந்து பிள்ளைகளோடு!

பொன்னேரியிலும் நிலைக்க முடியவில்லை. பிறந்த வீடானாலும் ஐந்து பிள்ளைகளோடு எத்தனை நாள் இருக்க முடியும்? இங்கே இருக்கும் பெண்களுக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை. மறுபடி மூட்டை கட்டினார். இந்த முறை சென்னைப் பட்டணம். ஏழுகிணறுப் பகுதி, வீராசாமிப் பிள்ளை தெரு, 39-ஆம் எண் வீடு. மூத்த மகன் சபாபதி, காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் தமிழ் படித்தவர், புராணச் சொற்பொழிவு செய்து அந்த வருமானத்தில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். அந்த வீட்டுக் கடைக்குட்டிதான் நாம் கைகூப்பி வணங்கும் வள்ளல் பெருமான்.

வள்ளலாரைப் பற்றி ஆயிரம் மேடைகளில் பேசியிருக்கிறார்கள். நானும் பேசியிருக்கிறேன். அருட்பெருஞ்ஜோதி பற்றிப் பேசுவோம், சமரசம் பற்றிப் பேசுவோம். சின்னம்மைக்கு இரண்டு வரி ஒதுக்குவோம். இன்றைக்கு எனக்கு அந்த அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும் போலிருக்கிறது. இரண்டு முறை வீடு மாறியவர். இரண்டு முறையும் அடுத்த வேளை அடுப்பு எங்கே எரியும் என்று தெரியாமல் புறப்பட்டவர். அந்தக் கடைக்குட்டி சாப்பாட்டைப் பற்றியும் பசியைப் பற்றியும் பிற்காலத்தில் அப்படிப் பேசியதற்கும், பசித்தவன் முகத்தைக் கண்டால் தாங்கமாட்டாமல் போனதற்கும் அந்த இரண்டு பயணங்களில் ஒரு வேர் இருக்கிறது என்பது என் துணிபு.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். ஏனென்றால் இது பழங்கதை பேசும் ஊர் இல்லை. இடம் மாறுவது என்பது நமக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி.

1870-களில் சென்னைத் துறைமுக வேலையைத் தொடங்கினார்கள். 1881 புயலில் இடிந்தது, மறுபடி கட்டினார்கள். நம் கடலில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் குவிந்தது, மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை மணல் வரத்து நின்றுபோய்க் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. குப்பத்தில் முதல் வரிசை வீடு போகும். இரண்டாவது வரிசை முதல் வரிசை ஆகும். பிறகு அதுவும் போகும். கல் கொட்டினோம், தடுப்புச் சுவர் கட்டினோம். ஆனாலும் இந்தக் கரையில் தாத்தா பிறந்த வீட்டைக் கைகாட்டச் சொன்னால் கடலைக் காட்டுகிற குடும்பங்கள் உண்டு.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடிந்து வந்த ஆழிப்பேரலை. வீடு போன குடும்பங்கள் கார்கில் நகர்க் கொட்டகைகளுக்கு வந்தன. பிறகு எர்ணாவூர் அடுக்குமாடிகளுக்கு. நம் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பலரிடம் ஒரு காகிதமும் இல்லை. கடல் டி.சி.யையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. பத்தொன்பது வருஷம் கழித்து, 2023-இல், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் நம் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது. அது காய்வதற்குள் அதே டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவில் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பமும் சின்னக்குப்பமும் மூச்சு முட்டி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடின. தேதி ஒன்றாக அமைந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

அதற்குப் பிறகு எண்ணூரில் எத்தனையோ வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே பேச்சுதான். இங்கேயே இருப்பதா, போவதா? போனால் எங்கே? கடலை விட்டுப் போனால் தொழில் என்ன? பிள்ளை படிப்பு என்ன? இந்தக் கேள்விகளோடு படுத்துக்கொள்கிறவர்கள் இந்த அவையிலேயே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முகத்தில் தெரிகிறது.

அந்த ராத்திரிகளில் நம் வீடுகளில் கடைசியாக ஒரு வார்த்தை வரும். “கடவுள் பார்த்துக்கொள்வார்.” வீட்டுக்குத் தகுந்தபடி அது முருகனாகும், மாதாவாகும், அல்லாஹ்வாகும்.

அன்பர்களே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுத்திப் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற இந்த வார்த்தை போகிறவருக்குச் சொந்தம். அனுப்புகிறவருக்கு அதைச் சொல்ல உரிமை கிடையாது. குடிசையை இடிக்க வந்து நிற்பவர் அதைச் சொல்லக்கூடாது. கூவம் கரையிலிருந்தும் நகரத்து மூலைகளிலிருந்தும் பெயர்த்து, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்களை ஏற்றி அனுப்பினோமே, அந்த லாரியின் பக்கத்தில் நின்றவர்கள் “எல்லாம் நல்லபடியா நடக்கும், சாமி இருக்கு” என்று சொன்னால் அது பக்தி ஆகாது. தன் கடமையைச் சாமி தலையில் கட்டிவிடுவது அது.

இங்கே இஸ்லாமியச் சகோதரர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்த வரலாறுதான். இப்ராஹிம் நபி, ஹாஜரா அம்மையாரையும் பால் குடிக்கும் குழந்தை இஸ்மாயிலையும் தண்ணீர் இல்லாத பள்ளத்தாக்கில் விட்டுத் திரும்பும்போது, இது இறைவன் கட்டளையா என்று அந்த அம்மா கேட்கிறார். ஆம் என்று பதில் வருகிறது. அப்படியானால் அவன் நம்மைக் கைவிடமாட்டான் என்கிறார். யார் சொன்னது? விட்டுப் போனவர் சொல்லவில்லை. தனியே நின்ற தாய் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்தாரா? தோல்பையில் தண்ணீர் தீர்ந்ததும் சஃபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் நடுவில் ஏழு முறை ஓடினார். ஜம்ஜம் ஊற்று அதற்குப் பிறகுதான். இன்றைக்கும் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அந்த ஏழு ஓட்டத்தை ஓடுகிறார்கள். உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்து ஒரு தாயின் கால்தடத்தில் ஓடுகிறார்கள்! கிறிஸ்தவச் சகோதரிகளும் அதே ஆபிரகாம், போகிற இடம் இன்னதென்று தெரியாமல் புறப்பட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

இனி என் வீட்டுக் கதை. சொல்ல வேண்டாமென்றுதான் வந்தேன், ஆனால் சொல்லாமல் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது.

என் மாமியார் பர்மாவிலிருந்து வந்தவர். நம் பர்மா நகர்க்காரர்களுக்கு இந்த வரலாறு மனப்பாடம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. ஜெனரல் நே வின். 1964-இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். அதே வருஷம் ஐம்பது, நூறு ‘சாட்’ நோட்டுகள் செல்லாது என்றார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வேரூன்றிய இந்தியர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பல் ஏற வேண்டி வந்தது. நகையும் பணமும் அங்கேயே தங்கிவிட்டன. என் மாமியார் 1965-இல் இருபத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார். கழுத்தில் மஞ்சள் கயிறு. கையில் ஒரு அலுமினியத் தூக்குச்சட்டி. பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு வந்தது. அந்தச் சட்டியின் அடிப்பக்கம் ஒரு இடத்தில் நசுங்கியிருக்கும். கப்பல் படியில் இடித்தது என்பார்.

பர்மாவை மறக்கமுடியாமல், தரை வழியாகத் திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போனவர்களும் உண்டு. எல்லையில் தடுத்துவிட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. மோரே என்ற அந்த எல்லை ஊரிலேயே தங்கி, அங்காள பரமேசுவரிக்குக் கோயில் கட்டினார்கள். அந்தக் கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்ற இடத்தில் ஒரு கோபுரம்! அதைப் பற்றியே ஒரு நாள் பேசலாம்.

2017-இல் எங்கள் முறை வந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. 450 மெகாவாட். இந்தப் பட்டணத்தின் விளக்கெல்லாம் எரிய நம் தலையில் சாம்பல் கொட்டியது என்று சொல்வார்கள், சோறும் போட்டது என்பதையும் நாம் சொல்ல வேண்டும். 2017 மார்ச் 31-ஆம் தேதியோடு அது நின்றது. என் வீட்டுக்காரர் அங்கேதான் வேலை. அந்த வருஷமே ஓய்வும் பெற்றார். இருபத்தாறு வருஷம் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முறையான விஷயம்தான், யார் மேலும் குறை இல்லை. ஆனால் வீடு கிடைக்கவில்லை. பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்டார்கள். வயதானவர் இருந்தால் வேண்டாம் என்றார்கள். ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு, சாமானெல்லாம் கட்டிய பிறகு, மகன் வருகிறான் என்று கையை விரித்தார். ஆடி பிறக்க நாலே வாரம். ஆடியில் வீடு மாற மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் மூன்று வாரம் குடித்தனம்.

அந்த மூன்று வாரத்தில் நான் விளக்கேற்றவில்லை. இதை இந்த மேடையில் முதல் முறையாகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தவள், என் வீட்டு விளக்கை ஏற்றக் கை வரவில்லை. “கடவுள் பாத்துப்பாரு” என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது, “பாத்துக்கிட்டேதான் இருக்காரு” என்று எரிந்து விழுந்தேன். என் மாமியார்தான் பெட்டிகளுக்கு நடுவில் ஓர் இடம் ஒதுக்கி, முருகன் படத்துக்கு முன்னால் தினமும் ஏற்றினார். சாமி படத்தைக் கடைசியாகக் கட்டணும், முதலாவதாகப் பிரிக்கணும் என்பது அவர் சட்டம்.

ஒரு ராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தாயி, கப்பல்ல ஏறுறப்ப சாமி பாத்துக்கும்னு உங்க மாமனார் சொல்லல. அவரு அழுதுக்கிட்டு இருந்தாரு. நான்தேன் சொன்னேன். சொல்லிப்புட்டு ராத்திரி பூரா தூங்கல. விடிஞ்சா பிள்ளைக்குக் கஞ்சிக்கு என்ன வழின்னு ரோசனை பண்ணிக்கிட்டே கிடந்தேன். சாமிய நம்புறவளுக்குத் தூக்கம் வரும்னு எவ சொன்னா? எந்திரிக்கத் தெம்பு வரும். அம்புட்டுத்தேன்” என்றார். மறுநாள் காலையில் நான் எழுந்து எர்ணாவூரில் தெருத் தெருவாக அலைந்தேன். நாலாவது தெருவில் ஒரு மாடி வீடு கிடைத்தது.

ஒரு குட்டியானை வண்டியில் ஏழு நடை. நல்ல நேரம் விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு. முதலில் முருகன் படம், பிறகு உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர். பால் காய்ச்ச மாமியாரின் அந்தத் தூக்குச்சட்டி. அடுப்பைப் பற்றவைத்தால் நீல நெருப்பு ஒரு முறை எழும்பி அணைந்துவிட்டது. சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது! விடிகாலை ஐந்தரை மணி. யாரிடம் போய்க் கேட்பது? அந்தத் தெருவில் ஒருவரையும் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது கீழ் வீட்டு அக்கா படியேறி வந்தார். சத்தம் கேட்டு எழுந்திருக்க வேண்டும். விஷயத்தைக் கேட்டார். தூக்குச்சட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “வா கீழ” என்று முன்னால் இறங்கினார்.

அவர் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு மேலே வேளாங்கண்ணி மாதா படம். ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அந்த வெளிச்சத்தில் மாதா முகம் தெரிந்தது. என் மாமியார் தயங்கி நின்றார். அக்கா சொன்னார்: “எந்த அடுப்புல பொங்குனா இன்னாம்மா? பால் பொங்கணும், அவ்ளோதானே?” மூன்று பெண்கள் அந்த அடுப்பைச் சுற்றி நின்றோம். நசுங்கிய அடியிலிருந்து முதலில் குமிழி விட்டது. பிறகு ஓரமெல்லாம் நுரைத்து ஏறியது. ஏறி, விளிம்பு தாண்டி வழிந்து, அடுப்பில் சொய்யென்று விழுந்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். என் மாமியார் “முருகா” என்றார். எங்கள் வீட்டுப் பால் அவர்கள் வீட்டு அடுப்பில் பொங்கியது.

மத்தியானம் அந்த அக்காவே மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்தார். வீடு புகுந்த நாள் மீன் சாப்பிடமாட்டோம் என்று நான் சொல்வதற்குள், கூடவே தனிப் பாத்திரத்தில் சாம்பாரும் இருந்தது. “எதுக்கு அக்கா இவ்வளவு?” என்றேன். அவர் சுனாமியில் வீடு போய்க் கார்கில் நகர்க் கொட்டகையில் இருந்தவர். “கொட்டாயில மொதோ நாளு என் புள்ளைங்களுக்கு சோறு யார் குட்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதும்மா. பேர் கேக்கறதுக்குள்ள போய்ட்டாங்க” என்றார்.

கடவுள் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அவர் எந்த வழியாக வருவார் என்பதில்தான் பல வருஷம் தப்பான வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது இடம் வந்த பிறகும் பழைய வீடு கனவில் வரும். குவார்ட்டர்ஸ் வாசலில் நான் வைத்த முருங்கை எனக்கு இன்னும் வருகிறது. அதை நம்பிக்கைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, மகிழ மரத்தடியில் ‘பிரியேன்’ என்று சத்தியம் செய்த சுந்தரமூர்த்தி நாயனாருக்கே, தென்றல் வீசியதும் திருவாரூர் வசந்த விழா ஞாபகம் வந்ததே! சத்தியத்தை மீறிப் புறப்பட்டார், கண் பார்வை போயிற்று. தம்பிரான் தோழருக்கே பழைய ஊர் அப்படி இழுத்தது என்றால் நமக்கு இழுக்காதா? இழுக்கட்டும். அழுகை வந்தால் அழுங்கள்.

திருவொற்றியூர் என்றதும் மறுபடி வள்ளலார் வந்துவிட்டார். ஏழுகிணற்றிலிருந்து ஒற்றியூர்க் கோயிலுக்கு நடந்து வந்து நடந்து திரும்புவார். ஒரு நாள் நள்ளிரவாகிவிட்டது. வீட்டாரை எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அண்ணியார் வந்து எழுப்பி இலையில் சோறு போட்டார். சாப்பிட்டுப் படுத்த கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து அண்ணியார் மறுபடி வந்து, “சாப்பிடவில்லையே, எழுந்திரு” என்றார். முதலில் வந்தவள் வடிவுடையம்மன் என்பது அன்பர்கள் சொல்லும் வரலாறு. தாய்மார்களே, அம்பாள் எந்த உருவத்தில் வந்தாள் என்று கவனியுங்கள். சூலத்தோடு வரவில்லை. வீட்டு அண்ணியாக, கையில் சோற்றோடு வந்தாள்.

அந்தத் திண்ணைப் பிள்ளை 1858-இல் சென்னையை விட்டுப் புறப்பட்டார். 1867 மே 23-ஆம் தேதி வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். இரண்டு முறை அடுப்பு இழந்த சின்னம்மையின் பிள்ளை மூட்டிய அந்த அடுப்பு இன்று வரை அணையவில்லை.

ஆகவே உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. போக வேண்டியவர்களிடம் நம்பிக்கையோடு போங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி போதாது. அதை அவர்களே சொல்லிக்கொள்வார்கள், நம்மைவிட நன்றாகவே சொல்வார்கள். நிலைத்து இருக்கிற நம்மிடம்தான் கேட்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதும், மழைக்காலம் முடிந்து வீடுகள் கைமாறும்போதும் நம் தெருக்களுக்குப் புதுக் குடும்பங்கள் வரும். எர்ணாவூர் அடுக்குமாடிகளுக்கு வரும், நம் மாடி வீடுகளுக்கு வரும். ஒரு குட்டியானை வந்து நின்றால் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும், ரேஷன் கடை எங்கே, ஸ்மார்ட் கார்டில் முகவரி மாற்ற இ-சேவை மையம் எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொடுங்கள். என் தொழில் சார்ந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணமாகச் சொல்லி எந்தப் பிள்ளையின் சேர்க்கையையும் மறுக்க முடியாது. பல தாய்மார்களுக்கு இது தெரியாமல், பிள்ளை மாசக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

முதல் நாள் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு வேளைச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த வீட்டில் பிள்ளை இருந்தால், மறுநாள் காலையில் உங்கள் பிள்ளையோடு சேர்த்துக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு வாருங்கள். டி.சி. பின்னால் வரட்டும்.